கூலி நெல் நின்றுபோன வீடுகள்

காவிரி டெல்டாவில் குறுவை அறுப்புக்கு அரிவாளோடு ஆள் இறங்குவது இப்போது அபூர்வம். அறுவடை இயந்திரம்தான் வருகிறது: காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி. அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடுகிறது. ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கையறுப்பில் பதினைந்து, இருபது பேரின் ஒரு நாள் பாடு அது.

விவசாயியை இதில் குறை சொல்ல முடியாது. குறுவை முற்றுவதும் வடகிழக்குப் பருவமழை நெருங்குவதும் ஒரே சமயம். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைத்துவிடும். ஆள் தேடி அலைய அவருக்கு நேரமில்லை.

ஆனால் இழந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நிலமில்லாத தலித் வீட்டுப் பெண்கள். வண்டி ஓட்டும் வேலை ஆண்களுக்குப் போனது. அவர்களிலும் பலர் வண்டியோடு வெளியூரிலிருந்து வருபவர்கள். உள்ளூர் ஆண்கள் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ கிளம்பலாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் விட்டுவிட்டு அந்தப் பெண்கள் எங்கே போவது? அறுப்புக் கூலி நெல்லாக வந்தவரை, அதுதான் வீட்டுச் சோறு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவேதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. களத்துக்கு ஆளே வேண்டாம் என்றானபின், அந்தச் சட்டம் யாருக்கு அளந்து கொடுக்கும்?

இந்த இழப்பு வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பின் ஒரு முறைப்படி, ஆண்டில் 30 நாள் துணை வேலை பார்த்தாலே ஒருவர் ‘வேலையில் இருப்பவர்’. வாரக் கணக்கிலோ, ஏழு நாளில் ஒரு மணி நேரம் போதும். அறுப்பு முழுவதையும் இழந்துவிட்டு, களை பறிக்க மட்டும் போகிற பெண்ணும் வேலையில் இருப்பவரே. அந்த வேலையும் கிடைக்காமல், அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டால், வேலையற்றோர் பட்டியலிலும் அவர் இல்லை. உழைப்போர் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறார்.

மிச்சமிருப்பதும் கரைகிறது. நடவுக்கு இயந்திரம், களைக்கு மருந்து. 2006இல் நூறு நாள் வேலை தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினமும் இருந்தது; பல வீடுகளைத் தாங்கியது அந்தக் கூலிதான். அறுவடை இயந்திரம் வாங்க அரசு மானியம் கொடுக்கிறது. அதே கையோடு, அரிவாளை இழந்த பெண்களுக்கு வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி கொடுத்து, இயந்திர வாடகை மையங்களில் அவர்கள் குழுக்களுக்குப் பங்கும் தர வேண்டும்.