மாநாட்டுக்கு வழி

மாணவ நண்பர்களே, மாநாட்டுக்குப் போகும் வழியும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று நீங்கள் வியக்கலாம். மாநாட்டில் என்ன பேசுவது என்பதை மாதக்கணக்கில் ஆராய்கிறோம். அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதை முந்தின இரவுதான் நினைக்கிறோம். அவ்வாறே நினைத்து நான் என் மாணவி ஒருத்திக்குத் தீங்கிழைத்தேன்.

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை வாலாஜா சாலைப் பக்கத்தில் நடந்த அறிவியல் மாநாடு ஒன்றில் அவள் காலை பத்து மணிக்குக் கட்டுரை படிக்க வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கு வரும் பறவைகளை ஆறு மாதம் கவனித்து எழுதிய கட்டுரை அது. மதுராந்தகத்திலிருந்து தாம்பரம் வந்து மின்சார இரயிலில் ஏறினோம். தாம்பரத்திற்கும் கடற்கரை நிலையத்திற்கும் இடையே 1931 முதல் மின்சார வண்டி ஓடுகிறது; அன்று அது மீட்டர் பாதை. சைதாப்பேட்டையில் இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம் என்பது என் கணக்கு. இரண்டு பாதைகளிலும் அப்பெயரில் நிலையம் உண்டல்லவா? இறங்கிய பின்னரே உண்மை விளங்கிற்று: பெயர் ஒன்று, இடம் வேறு. மெட்ரோ நிலையம் அண்ணா சாலையில் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. வழி கேட்டுக்கேட்டு நடந்து, ஒருவாறு அரங்கினுள் நுழைந்தபோது அவளுடைய முறை கடந்திருந்தது. “பரவாயில்லை சார்” என்றாள். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

மாற வேண்டிய இடம் கிண்டி. அங்கே இரண்டு நிலையங்களும் அருகருகே உள்ளன. பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல் ஆகியவையும் அத்தகையனவே. தாம்பரத்திலிருந்து கிண்டி எட்டாவது நிறுத்தம்; கிண்டியிலிருந்து, கலைவாணர் அரங்கத்துக்கு அணித்தான அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் எட்டாவது நிறுத்தமே. நினைவில் வைக்க எளிது.

இனிக் கணக்குக்கு வருவோம். இதைப் பின்னிருந்து முன்னாகப் போட வேண்டும். ஒன்பதரை மணிக்குப் பெயர் பதியும் மேசைமுன் நிற்க வேண்டும் என்று கொள்வோம். நிலையத்திலிருந்து மேலேறி நடந்து, அரங்கின் வாயிலைத் தேட 15 நிமிடம். மெட்ரோவில் பயணம் ஏறத்தாழ 20. அதற்காகக் காத்திருக்க 10. கிண்டியில் படியேறி இறங்கி, சீட்டு வாங்கி, பையைச் சோதனைக்குக் கொடுக்க 15. தாம்பரத்திலிருந்து இரயில் பயணம் ஏறத்தாழ 25. ஞாயிறன்று வண்டிகள் குறைவு. ஆதலால் அதற்காகக் காத்திருக்க 20. கூட்டினால் 105 நிமிடம். ஏழே முக்காலுக்குத் தாம்பரம் மேடையில் நின்றாக வேண்டும்.

இதில் வண்டி ஓடும் நேரம் 45 நிமிடமே. எஞ்சிய 60 நிமிடமும் நடையும் காத்திருப்பும்! நான் அன்று 45 நிமிடத்தை மட்டும் கணக்கிட்டிருந்தேன். கணித ஆசிரியர் என்று வேறு பெயர்.

காத்திருப்பைப் பற்றி இன்னும் ஒன்று. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி வருமாயின், நேரம் அறியாமல் வருபவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். நாள்தோறும் அலுவலகம் செல்பவருக்குச் சராசரி போதும். ஒரு நாள் தாமதத்தை மறுநாள் ஈடுசெய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறும் மாணவர்க்கு மறுநாள் கிடையாது. அவர் முழு இருபதையும் எண்ண வேண்டும். இரண்டு வண்டிகள் மாறினால் இரண்டுக்கும் அப்படியே. முன்னதாகச் சேர்ந்துவிட்டால் கட்டுரையை மரநிழலில் மறுமுறை படிக்கலாமே.

அன்று உணவு இடைவேளைக்குப் பின் அவளுக்கு ஐந்து நிமிடம் அளித்தார்கள். பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். மாலையில் மெட்ரோ நிலையத்தின் சுவரிலிருந்த வரைபடத்தின் முன் நின்றவள், கிண்டியின்மேல் விரலை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.