பங்குனி ஆமைகளைக் காணப் புறப்படுமுன்

விடுமுறையில் வெளியூர் செல்ல நினைப்பவர் முதலில் நாளைக் குறித்துக்கொண்டு, பின்னரே மற்ற ஏற்பாடுகளில் இறங்குவது வழக்கம். கோயில் திருவிழாவாயின் பஞ்சாங்கம் நாளைச் சொல்லிவிடும். மலைவாசத் தலமாயின் கோடை முழுதும் நமக்காகக் காத்திருக்கும். ஆனால் நம் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மாசி, பங்குனி மாதங்களையொட்டி நிகழும் ஒரு காட்சிக்கு நாள் குறிப்பவர் எவருமில்லை. இலட்சக்கணக்கான கடலாமைகள் ஒரு சில இரவுகளுக்குள் ஒரே மணற்கரையில் ஏறி, முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பும் காட்சியே அது. கொல்கத்தாவிலும், புவனேசுவரத்திலும், விசாகப்பட்டினத்திலும் வாழும் தமிழர்களுக்கு இக்கரை ஓரிரவு இரயில் பயணத்துக்குள் அடங்கும். அங்கே செல்ல விரும்புவோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே ஒழுங்குபடக் கூறுவோம்.

ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என வழங்கும் இவ்வாமையைத் தமிழகக் கரையோர மீனவர் 'பங்குனி ஆமை' என்றே அழைக்கின்றனர். வருகின்ற பருவமே பெயராயிற்று. கடலாமைகளுள் சிறிய இனங்களில் இதுவும் ஒன்று. ஓட்டின் நீளம் ஏறக்குறைய இரண்டடி. எடை நாற்பது, ஐம்பது கிலோவுக்குள் அடங்கும். பெண்ணாமை கரையேறி, பின்னங்கால்களைக் கரண்டிபோல் பயன்படுத்தி, ஏறக்குறைய ஒன்றரையடி ஆழத்தில் குடுவை வடிவான குழி தோண்டும். நூறு முட்டைகளுக்குக் குறையாமல் இடும். மணலால் மூடியபின் தன் உடலையே திமிசுக்கட்டையாக்கி, இருபுறமும் மாறி மாறி இடித்து இறுக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குச் சென்றுவிடும். தாய் அடைகாப்பதில்லை, அவ்வேலை மணலின் வெப்பத்துடையது. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதுங்கூட அவ்வெப்பத்தைப் பொறுத்ததே: மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும், தணிந்தால் ஆண் குஞ்சுகள் மிகும்.

இவ்வினம் தனித்தனியே முட்டையிடுவது இந்தியக் கரைகள் பலவற்றிலும் உண்டு. பெருங்கூட்டமாகக் கரையேறுவதோ உலகில் மிகச் சில இடங்களில்தான். மெக்சிகோவிலும் கோஸ்டா ரிக்காவிலும் சில கரைகள் உள்ளன. நம் நாட்டில் ஒடிசா மாநிலம் இதற்குப் பேர்பெற்றது. ஸ்பானிய மொழியில் 'வருகை' எனப் பொருள்படும் 'அரிபாடா' என்ற சொல்லால் இந்நிகழ்ச்சியை உலகெங்கும் குறிக்கின்றனர். கூட்டமாக வருவதன் பயன் யாது எனில், நாயும் நரியும் காக்கையும் எவ்வளவு தின்றாலும் தின்று தீராத அளவுக்கு முட்டைகள் ஒரே சமயத்தில் குவிந்துவிடுகின்றன. குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே முதிர்ச்சியடையும் என்பது பொதுவான மதிப்பீடு. ஆகவே எண்ணிக்கையே இவற்றுக்கு அரண்.

ஒடிசாவில் கஹிர்மாதா, தேவி ஆற்று முகத்துவாரம், ருசிகுல்யா ஆற்று முகத்துவாரம் என மூன்று இடங்கள் இதற்கு அறியப்பட்டவை. கஹிர்மாதா 1997ஆம் ஆண்டில் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் அருகே ஏவுகணைச் சோதனைத் தளமான தீவு உள்ளது. 2015ஆம் ஆண்டில் அதற்கு இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களால் அக்கரைக்குப் பொதுமக்கள் எளிதில் செல்ல இயலாது. ஆதலின், காணச் செல்வோர்க்கு ஏற்றது கஞ்சம் மாவட்டத்து ருசிகுல்யாக் கரையே. இவ்விடத்தின் சிறப்பை அறிவியல் உலகம் 1994ஆம் ஆண்டில்தான் அறிந்தது. புருணாபந்தா, கோகர்குடா முதலிய மீனவர் சிற்றூர்கள் இக்கரையை ஒட்டியுள்ளன.

இனிக் காலத்தைப் பற்றிக் கூறுவோம். கார்த்திகை, மார்கழியிலேயே ஆமைகள் கரையோரக் கடலில் கூடத் தொடங்கும். கரையேறுவது பெரும்பாலும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சு இறுதிக்குள். தென்காற்று வலுத்து வீசும்போது கூட்டம் கரையேறுவதைப் பலரும் கண்டுள்ளனர்; எனினும் இன்ன நாள் என்று எவராலும் உறுதி கூற முடிவதில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் ருசிகுல்யாக் கரையில் ஏறக்குறைய ஏழு இலட்சம் ஆமைகள் கணக்கிடப்பட்டன; அதற்கு முந்தைய 2024இலோ அங்கே கூட்டமாய் முட்டையிடுதல் நிகழவேயில்லை. இவ்விரண்டு ஆண்டுகளையும் ஒருசேர நினைவிற் கொண்டு திட்டமிடுவதே அறிவுடைமை.

அதற்கு மூன்று வழிகளைக் கூறலாம். முதலாவது: ஆமைகள் ஏறத் தொடங்கிய செய்தி நாளேடுகளில் வந்தபின் புறப்படுவது. கூட்டம் ஒரு வாரம் வரையிலும் நீடிப்பதுண்டு என்பதால், அருகிலுள்ள மாநிலங்களில் வாழ்வோர்க்கு இது கைகூடும். இரண்டாவது: தில்லி, மும்பை போன்ற தொலைவிடங்களிலிருந்து முன்கூட்டியே சீட்டுப் பதிவு செய்து வருவோர், ஆமையை மட்டும் நம்பி வாராமல், சுற்றியுள்ள இடங்களையும் சேர்த்துத் திட்டமிடுவது. மூன்றாவது: தாய் ஆமைகளைத் தவறவிட்டவர், முட்டையிட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்கள் கழித்துக் குஞ்சுகள் வெளிப்படும் காலத்தில் செல்வது. மணல் பொங்குவதுபோல் குஞ்சுகள் கிளர்ந்தெழுந்து கடலை நோக்கி ஓடும் அக்காட்சி, முன்னதற்குச் சற்றும் குறைந்ததன்று.

சென்னை–ஹௌரா இருப்புப் பாதையில் பிரம்மபூர் பெரிய நிலையம். நெடுந்தொலைவு வண்டிகள் பலவும் அங்கே நிற்கும். தங்குவதற்கு அந்நகரும், அதனருகே உள்ள கோபால்பூர்க் கடற்கரையும் ஏற்றவை. அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே கஞ்சம் ஊருக்குச் சென்று, கரையோரச் சிற்றூர்களை அடையலாம். ஆமைகள் ஏறும் நாட்களில் கரை முழுதும் வனத்துறையின் காவலில் இருக்கும். ஆகவே முதலில் வனத்துறை அலுவலரை அணுகி, அவர் விடுக்கும் விதிகளுக்கு உட்பட்டே செல்லல் வேண்டும். ஒடியா அறியாதவர் கலங்க வேண்டுவதில்லை. இப்பகுதி மீனவரில் தெலுங்கு பேசுவோர் பலர்.

ஆமை வாராவிடினும் பயணம் வீண்போகாது. அருகே சிலிகா ஏரி உண்டு. குளிர்காலத்தில் வந்த பறவைகளில் ஒரு பகுதி மாசி வரையிலும் அங்கே தங்கியிருக்கும். ருசிகுல்யாக் கரையிலேயே மலைமீது தாராதாரிணி ஆலயமும், ஜௌகடாவில் அசோகரின் பாறைச் சாசனமும் உள்ளன. அச்சாசனங்களுள் இரண்டாவது, சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறித்து, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுவது. தமிழர் ஒருவர் அப்பாறையின்முன் நிற்கையில் பெருமிதம் கொள்வது இயல்பே.

கரையில் நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்றுண்டு. பேறுகாலத்து வீட்டில் விளக்கைத் தணித்துக் குரலைத் தாழ்த்துவது நம் வழக்கம். நாம் காணச் செல்வதும் ஒரு பேறுகாலமே. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக் கூடும். குஞ்சுகளோ, இரவில் வானத்தின் ஒளி மிகுந்த திசையே கடலென்று கொண்டு ஓடுபவை. நாம் ஏந்தும் கைவிளக்கும், நிழற்படக் கருவியின் பளிச்சொளியும், கரையோரத் தெருவிளக்கும் அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடும். விடிந்தபின் வெயிலிலும் பறவைகளின் அலகிலும் அவை மடியும். ஆகவே விளக்கைத் தவிர்க்க வேண்டும். ஆமையின் முன்புறம் நில்லாமல், பின்புறம் விலகி நிற்க வேண்டும். ஆமையைத் தொடுவதும், பிள்ளைகளை அதன்மேல் அமர்த்துவதும், குஞ்சைக் கையிலெடுத்து மகிழ்வதும் கூடா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வினத்துக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. எனவே இவை சட்டப்படியும் குற்றமாகும். கோஸ்டா ரிக்காவின் ஓஸ்தியோனால் கரையில் 2015ஆம் ஆண்டில் காண வந்தோரின் நெரிசலாலேயே ஆமைகள் முட்டையிடாது கடலுக்குத் திரும்ப நேர்ந்தது. காண வரும் ஆவலே காட்சியைக் கெடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் நாம் உணர்ந்து செல்ல வேண்டும். ஆமைகளைக் காக்கும்பொருட்டு ஒடிசா அரசு, தாம்ரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களையொட்டி, நவம்பர் முதல் மே இறுதி வரை, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவுக்கு மீன்பிடிப்பைத் தடை செய்கின்றது. ஆண்டில் ஏழு மாதம்! மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய ஆமை, இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடுகிறது; அதனால் தடை இன்றியமையாதது. ஆயினும் அதன் சுமை முதலில் விழுவது, சிறு படகையே நம்பி வாழும் குடும்பத்தின்மேல். அக்கரையின் இளைஞர்களே இரவு முழுதும் கண்விழித்து முட்டைகளைக் காப்போருள்ளும் முன்னிற்கின்றனர். எனவே அவ்வூர்களில் உண்பதும், அவ்வூர்ப் படகையும் வழிகாட்டியையும் அமர்த்துவதும், கேட்ட கூலியை இன்முகத்தோடு கொடுப்பதும் பயணியின் கடமையில் ஒரு பகுதியாகும்.

இவ்வாமைகள் ஒடிசாவுக்கு மட்டும் உரியவையல்ல. முட்டையிட்டபின் பல தெற்கே திரும்பி, தமிழகக் கரையைக் கடந்து, மன்னார் வளைகுடா வரையிலும் இலங்கை வரையிலும் செல்கின்றன. 2021இல் ஒடிசாவில் அடையாளத் தகடு பொருத்தப்பட்ட ஆமை ஒன்று, 2025இல் மகாராட்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிடக் காணப்பட்டது. அதே 2025இன் தொடக்கத்தில் சென்னை முதலிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதும் நம் நினைவில் இருத்தற்குரியது. ஒடிசா செல்ல இயலாது, விடுமுறைக்குத் தாயகம் வருவோர், சென்னையில் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இரவு நடையில் கலந்துகொள்ளலாம். அங்கே இலட்சங்களைக் காண இயலாது. ஓர் ஆமையையேனும், அன்றி ஒரு கூட்டு முட்டைகளையேனும் காணக் கூடும்.

பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழ்பவர் நாம். எத்தனை கடல் கடந்தாலும் குறித்த பருவத்தில் குறித்த கரைக்கே வரும் இவ்வுயிரை நம்மைவிட நன்கு உணரத்தக்கவர் யாவர்? இம்முறை பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். கண்டால் மகிழ்வோம்; காணாவிடினும், அக்கரை இருளாகவும் அமைதியாகவும் இருந்ததா என்று பார்த்துத் திரும்புவோம். அதுவே அடுத்த ஆண்டு வருகின்ற ஆமைக்கு நாம் செய்யத்தக்க உதவி.