நனையாத கணக்கு

2015 டிசம்பரில் சென்னையின் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலோடு அம்பத்தூருக்கு அது மறுபடியும் வந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இப்படியொரு வெள்ளம் வடிந்ததும் பட்டறைக்கோ கடைக்கோ வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் சேற்றில் கிடக்கும் சரக்கைப் பார்ப்பார், படம் எடுப்பார். பிறகு, வெள்ளத்துக்கு முந்தைய நாள் கையிருப்பு எவ்வளவு என்று கேட்பார். கொள்முதல் பில், ஸ்டாக் பதிவேடு, கடைசியாகப் போட்ட ஜிஎஸ்டி ரிட்டர்ன், இயந்திரம் வாங்கிய இன்வாய்ஸ் எல்லாம் கேட்பார். பல சிறுதொழில்களில் இவை இருக்கும் இடம் கல்லா மேசையின் அடி இழுப்பறை. சரக்கோடு சேர்ந்து அவையும் ஊறிப்போயிருக்கும். இல்லையென்றால், முதலிலிருந்தே எழுதப்படாமல் இருந்திருக்கும்.

தொழிலுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் தீ, திருட்டு, வெள்ளம், பாக்கி, ஏமாற்று என்று வரிசையாகச் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பூட்டு தேடுவோம். இந்த ஆபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கட்சி. பாலிசியாக, சட்டமாக, வங்கி ஏற்பாடாக அது நம் நாட்டில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால் கையில் எழுத்து இருக்க வேண்டும். எழுத்து இல்லாதவருக்குப் பிரீமியம் கட்டியும் பயனில்லை, சட்டம் இருந்தும் பயனில்லை. ஆகவே சிறுதொழில் செய்பவர் முதலில் வாங்க வேண்டிய காப்பீடு ஒரு கணக்குப் புத்தகம்தான்.

காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனங்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் மொத்த மதிப்பு ரூ. 5 கோடிக்குள் இருந்தால் அதை எடுக்கலாம். தீயோடு புயல், வெள்ளமும் அதில் அடக்கம். ஆனால் பாலிசித் தொகையைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தை மிச்சம் பிடிப்பவர் ஒரு கணக்கில் மாட்டிக்கொள்கிறார். கடையில் 20 லட்ச ரூபாய் சரக்கு. பாலிசி போட்டது 10 லட்சத்துக்கு. நனைந்து நாசமானது 4 லட்சம். “நஷ்டம் 10 லட்சத்துக்கு உள்ளேதானே, முழுசாகக் கொடுப்பார்கள்” என்று கடைக்காரர் நினைப்பார். பாதிச் சரக்குக்குத்தான் காப்பீடு, ஆகவே பாதி நஷ்டத்துக்குத்தான் பணம் என்று நிறுவனம் 2 லட்சத்தோடு நிறுத்திவிடும். மேலே சொன்ன பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் இந்த வெட்டு உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடையில் சரக்கு மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு குவிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்குகிறது. மாதாமாதம் கையிருப்பை எழுதிவைப்பவருக்குத்தான், பாலிசித் தொகையை எந்த மாதத்துக்கு ஏற்பப் போட வேண்டும் என்பது தெரியும்.

வங்கிக் கடனில் ஓடும் தொழில்களில் இன்னொரு சிக்கல். “பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க” என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். வங்கி தன் கடன் தொகைக்குப் போதுமான அளவில் போட்டிருக்கலாம்; இழப்பீடும் முதலில் வங்கிக்குத்தான் போகும். கடை இடம் மாறியிருக்கும், பாலிசியில் பழைய முகவரியே நிற்கும். தீக்காப்பீடு இரவில் பூட்டை உடைத்துத் திருடுவதற்குப் பொருந்தாது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். கடை மூடிக்கிடந்த நாட்களில் போன லாபமும் அதில் சேராது. இவையெல்லாம் பாலிசிக் காகிதத்திலேயே அச்சில் இருப்பவை. படிக்காமல் இழுப்பறையில் போட்டதற்கு யாரைக் குறை சொல்வது?

வெள்ளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. வராத பாக்கி ஒவ்வொரு மாதமும் வருகிறது. கோவையிலோ ஓசூரிலோ ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்னப் பட்டறையின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரும்புக்குக் கைக்காசு, கூலிக்குச் சனிக்கிழமை, மின்கட்டணத்துக்குக் கெடு. பொருளை வாங்கிய பெரிய நிறுவனம் மட்டும் 90 நாள், 120 நாள் என்று இழுக்கும். லாபத்தில் ஓடும் தொழிலேகூடக் கையில் காசில்லாமல் நின்றுபோவது இப்படித்தான். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் இதற்கு வைத்திருக்கும் விதி கடுமையானது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. பொருளில் குறை என்றால் வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் வாங்கியவர் தொகையில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

இவ்வளவு பலமான சட்டத்தைப் பயன்படுத்த என்ன தேவை? சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு (இலவசம், இணையத்தில் செய்யலாம்), தேதியிட்ட இன்வாய்ஸ், வாங்கியவர் கையெழுத்திட்ட டெலிவரி செலான். இவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது: இந்தப் பாதுகாப்பு பொருள் உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்தபோது முன்னுரிமைக் கடன் சலுகையை மட்டுமே கொடுத்தார்கள். மளிகை மொத்த வியாபாரி தன் பாக்கியை உரிமையியல் வழக்கில்தான் வசூலிக்க முடியும். அதற்கு மூன்றாண்டு காலவரம்பு உண்டு. அந்த மூன்றாண்டு முடிவதற்குள் “இவ்வளவு பாக்கி உண்டு” என்று கடன்பட்டவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் காலம் மறுபடி புதிதாக ஓடத் தொடங்கும். வருடக் கடைசியில் வாடிக்கையாளரிடம் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கிவைக்கும் வழக்கம் வெறும் ஆடிட்டர் சடங்கன்று. காசோலை திரும்பி வந்தாலும் அப்படித்தான். தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் போகவில்லையென்றால் குற்ற வழக்குக்கான அந்த வாய்ப்பு நழுவிவிடும். தேதியைக் குறித்துவைக்காதவர் அதைத் தவறவிடுவார்.

இங்கே பட்டறைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்: “மன்றத்துக்குப் போனா அடுத்த ஆர்டர் யார் தருவா?” சட்டம் பேசும் பலர் இதைக் கேட்காததுபோல் கடந்துவிடுகிறார்கள். 45 நாள் விதி இருந்தும் பலர் வாய்திறக்காமல் இருப்பது இந்தப் பயத்தால்தான். மன்றத்தில் வழக்கு சட்டம் சொல்லும் 90 நாளைத் தாண்டி இழுப்பதும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைச் சட்டக் கெடுவுக்குள் தராத நிறுவனம், பணத்தைக் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியும். பாக்கியை மார்ச் 31 தாண்டி இழுத்தால் வரி அவர்கள் தலையில் ஏறும். எனவே வழக்குக்குப் போகத் தேவையில்லை. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே போதும், வாங்கியவரின் ஆடிட்டர் உங்களுக்காகத் தன் முதலாளியிடம் பேசுவார். எண் இல்லாத இன்வாய்ஸுக்காக யாரும் பேசமாட்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் உரக்கச் சொல்லப்படுவதில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட வலுவானது: எழுதினால் வரி வரும். இதில் பாதி உண்மை. வருமான வரியின் அனுமானத் திட்டத்தில் ஆண்டு விற்பனை ரூ. 2 கோடி வரை உள்ள சிறு வியாபாரி, விற்பனையில் 8 சதவீதத்தை (வங்கி வழி வந்த வரவுக்கு 6 சதவீதத்தை) லாபமாகக் காட்டினால் போதும், விரிவான கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. அரசே வேண்டாம் என்றபின் எதற்கு என்று பலர் நிறுத்திவிட்டார்கள். வரித்துறைக்குத்தான் அது வேண்டியதில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி போன்ற வரியில்லாப் பொருள் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். கியூஆர் அட்டை மாட்டிய கடையில் வரவின் தடம் ஏற்கெனவே எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கிறது. அதில் எது வரியில்லா விற்பனை, எது மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று, எது வரிக்குரியது என்று பிரித்துக்காட்டும் பதிவு கடைக்காரரிடம் மட்டுமே இருக்க முடியும். மறைத்து எழுதியவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: விற்பனையைப் பாதியாகக் காட்டியவருக்கு வங்கியும் பாதிக் கடன்தான் தரும், சர்வேயரும் அந்தக் கணக்கைத்தான் நம்புவார்.

“வியாபாரம் நாணயத்தில் நடப்பது, காகிதத்தில் அல்ல” என்பார்கள் பெரியவர்கள். நாணயத்துக்குப் பேர்போன நாட்டுக்கோட்டை நகரத்தார் எப்படித் தொழில் செய்தார்கள் என்பதையும் அவர்களே சொல்லியிருக்க வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளை அவர்கள் செட்டிநாட்டிலிருந்தே கண்காணித்தது பேரேடும் ஐந்தொகையும் இருந்ததால்தான். மூன்றாண்டுக் கணக்குக்குப் போன முகவர் ஊருக்குத் தவறாமல் கணக்கு அனுப்பினார். சொந்தச் சாதிக்காரர், பெரும்பாலும் உறவுக்காரர். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இன்று அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம் பதிவுகூடச் செய்யப்படாமல் ஓடுகிறது. 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் அதன்மீது போடலாம்.

எழுதிவைத்தால் எல்லாம் தீருமா என்றால், இல்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களுக்கு வந்த அடியை எந்தப் பேரேடும் தடுத்திருக்காது. ஆனால் விற்பனையில் எத்தனை பங்கு ஒரே நாட்டுக்கு, ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது என்பதைக் கணக்கு மட்டுமே முன்கூட்டிச் சொல்லும். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கல்லாவிலிருந்து போகிற இடத்தில் அதுகூடத் தெரியாது. அங்கே உரிமையாளருக்கு ஒரு அறுவை சிகிச்சை என்றால் நிற்பது தொழில்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு சொல். இதற்கு ஆடிட்டரும் கணினியும் உடனே வேண்டியதில்லை. கடை மூடுமுன் சிட்டையில் அரைமணி நேரம், மாதக் கடைசியில் கையிருப்பு எண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை, பில்களைக் கைப்பேசியில் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பிவைக்க ஐந்து நிமிடம். தண்ணீர் எட்டாத இடத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் முன்னால், இன்று இரவே பாலிசியை எடுத்து முதல் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: முகவரி இப்போதைய கடையுடையதா, தொகை இப்போதைய சரக்குக்குப் போதுமா, கெடு என்று முடிகிறது.