நாய்க்குட்டிக்கு டைம்டேபிள் தேவையா? வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த முதல் நாள் திருவிழாதான். போட்டோ, ரீல்ஸ், பேர் வைக்கும் பஞ்சாயத்து என்று நேரம் போவதே தெரியாது. நாலாவது நாள் கதையே வேறு. ராத்திரி 2 மணிக்கு 'கீங் கீங்' என்று அழுகை, சோபாவுக்குப் பின்னால் ஈரம், ஆபீஸ் கிளம்பும்போது பேன்ட் நுனியைக் கவ்விக்கொண்டு விடாத பல். 'இது நமக்குச் சரிப்பட்டு வருமா?' என்ற கேள்வி பல வீடுகளில் எழுவது இந்தக் கட்டத்தில்தான். சில குட்டிகள் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. சில, தெருவில் விடப்படுகின்றன.

இதில் குட்டியின் தப்பு ரொம்பக் குறைவு. எப்போ சாப்பாடு, எங்கே உச்சா, எப்போ தூக்கம் என்று அதற்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்களும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் குட்டிக்கு டைம்டேபிள் போட வேண்டுமா? நாய்க்கு மணி பார்க்கத் தெரியுமா? போடுவதென்றால் எப்படிப் போடுவது? பார்க்கலாம்.

ஏன் தேவை?

முதல் காரணம், குட்டியின் உடம்பு. 2 மாதக் குட்டியின் சிறுநீர்ப்பை சின்னது. அடக்கி வைக்கும் கட்டுப்பாடும் இன்னும் முழுதாக வந்திருக்காது. 'எத்தனை மாதக் குட்டியோ, அத்தனை மணி நேரம் அடக்கும். மிஞ்சிப்போனால் கூட ஒரு மணி நேரம்' என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவும் ஓய்வாக இருக்கும்போதுதான். விளையாடும்போது அரை மணிக்கு ஒரு முறைகூடப் போகும்.

வயிற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் பெரும்பாலான குட்டிகள் சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள் ஆய் போய்விடும். சாப்பாட்டு நேரம் நிலையாக இருந்தால், அது எப்போ போகும் என்பதை நீங்கள் முன்கூட்டியே கணித்துவிடலாம். நாள் முழுக்கக் கிண்ணத்தில் தீனி இருந்தால் அந்தக் கணிப்புக்கு வழியே இல்லை.

இரண்டாவது காரணம், தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்த குட்டி சோர்ந்து உட்காராது. வெறி பிடித்த மாதிரி ஓடும், கையைக் கடிக்கும், துணியை இழுக்கும். 'எனர்ஜி ஜாஸ்தி, இன்னும் விளையாட வைக்கணும்' என்று நாம் தப்பாகக் கணக்குப் போடுகிறோம். பல நேரங்களில் அதற்குத் தேவை ஓர் அமைதியான மூலையும் 2 மணி நேரத் தூக்கமும்தான்.

மூன்றாவது, மனசு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த குட்டிக்குப் பதற்றம் குறைவு. ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் (செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர்) ஒன்றைக் கவனித்தார். சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, அதற்கான அறிகுறி தெரிந்ததுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. நம் வீட்டிலும் அதேதான். பைக் சாவி சத்தம், ஃபிரிட்ஜ் கதவு, கழுத்துப்பட்டையை எடுக்கும் ஓசை எல்லாமே குட்டிக்குச் செய்தி. அது மணி பார்ப்பதில்லை. எதற்குப் பின்னால் எது வருகிறது என்பதைத்தான் படிக்கிறது.

மணியைவிட வரிசை முக்கியம்

அதனால்தான் நிமிடக் கணக்கில் டைம்டேபிள் போடுவது தேவையில்லாத வேலை. சில சமயம் அது பிரச்சினையாகவும் மாறும். தினமும் சரியாக 6.30க்குச் சாப்பிட்டுப் பழகிய நாய், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் 7 மணிவரை தூங்கினால் கத்தி எழுப்பும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் முன்னே பின்னே அரை மணி நேரம் விட்டுப்பிடியுங்கள். ஆனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அந்த வரிசை இதுதான்: தூங்கி எழுதல், உச்சா, சாப்பாடு, மறுபடி உச்சா அல்லது ஆய், விளையாட்டு, மறுபடி உச்சா, தூக்கம். சாப்பாடு இல்லாத நேரங்களில் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடரலாம். சுமார் ஒரு மணி நேரம் விழிப்பு, ஒன்றரை முதல் 2 மணி நேரம் தூக்கம் என்று இந்தச் சக்கரம் நாள் முழுக்கச் சுற்றும்.

2–3 மாதக் குட்டியின் ஒரு நாள்

வீட்டு வசதிக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம்.

- காலை 6.00: எழுந்ததும் நேராக உச்சா இடத்துக்கு. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்; நடக்கவிட்டால் பாதி வழியிலேயே முடித்துவிடும்.
- 6.30: முதல் சாப்பாடு. சாப்பிட்டு 10 நிமிடத்தில் மீண்டும் அதே இடம்.
- 7.00: விளையாட்டு. நடுவில் 5 நிமிடம் பயிற்சி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவது, உட்காருவது போதும். பிறகு உச்சா.
- 7.30 – 9.30: தூக்கம். எழுந்ததும் உச்சா, கொஞ்சம் ஆட்டம், மறுபடி தூக்கம்.
- 11.30: இரண்டாவது சாப்பாடு, அதே வரிசை. பிறகு மதியத் தூக்கம்.
- மாலை 4.00: மூன்றாவது சாப்பாடு.
- 5.30: கையில் தூக்கிக்கொண்டு வெளியுலகைக் காட்டும் நேரம்.
- இரவு 8.00: கடைசிச் சாப்பாடு. அதன் பிறகு ஓட்டம், கூச்சல் வேண்டாம்.
- 10.30: கடைசி உச்சா, படுக்கை.
- நள்ளிரவு 2.00 வாக்கில்: ஒரு முறை உச்சா. விளக்கைப் பளிச்சென்று போடாமல், கொஞ்சாமல், விளையாடாமல் முடித்துவிட்டுத் திரும்ப படுக்க வையுங்கள்.

உச்சா இடம் எதுவாகவும் இருக்கலாம்: மாடி மூலை, பால்கனி, பாத்ரூமில் விரித்த பழைய பேப்பர். இடத்தை அடிக்கடி மாற்றாமல் இருந்தால் போதும். வேறு இடத்தில் போய்விட்டால் என்சைம் கிளீனரால் துடையுங்கள். அமோனியா கலந்த கிளீனரின் வாடை சிறுநீர் வாடையைப் போலவே இருப்பதால் குட்டி மறுபடி அங்கேயே போகும். தரையை நக்கும் வயசு என்பதால் பினாயிலும் வேண்டாம்.

சாப்பாட்டில் கவனம்

3 மாதம்வரை தினமும் 4 வேளை, 6 மாதம்வரை 3 வேளை, அதன் பிறகு 2 வேளை என்பது பொதுவான நடைமுறை. கிண்ணத்தை 15–20 நிமிடம் வைத்துவிட்டு, மீதி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். 'ராத்திரி உச்சா போகுது' என்று நம் ஊர் வெயிலில் தண்ணீரை நிறுத்துவது ஆபத்து.

'குட்டிதானே, பால் ஊத்துவோம்' என்பது பல வீடுகளின் பழக்கம். பசும்பால் நிறைய குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் போட்ட டைம்டேபிள் மொத்தமும் காலி. உணவை மாற்றுவதென்றால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் கலந்த சுகர்-ஃப்ரீ மிட்டாய் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பிரியாணி எலும்பும் கூடாது. வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க என்ன செய்றது?

இதற்கு ஒளிவுமறைவில்லாத பதில் ஒன்றுதான். காலை 9 முதல் மாலை 6 வரை பூட்டிய வீட்டில் 2 மாதக் குட்டி தனியாக இருக்க முடியாது. உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது. வழிகள் சில உண்டு.

முதல் ஒன்று, இரண்டு வாரம் மாற்றி மாற்றி லீவு அல்லது வீட்டிலிருந்து வேலை. பிறகு மதியம் ஒருவர் வந்து உச்சாவுக்கு விட்டு, சாப்பாடு போட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக ஏற்பாடு. பக்கத்து வீட்டு அக்காவோ, சம்பளத்துக்கு வருபவரோ யாராகவும் இருக்கலாம். ஆள் இல்லாத நேரத்துக்கு, தூங்க ஒரு பக்கமும் உச்சாவுக்கு ஒரு பக்கமும் உள்ள சின்னத் தடுப்பு வேலி. இவை எதுவுமே முடியாதென்றால், வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தனியாக இருப்பதும் பழக்க வேண்டிய பாடம். 2 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். போகும்போது நீண்ட பிரியாவிடை, வந்ததும் ஆர்ப்பாட்டமான கொஞ்சல் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் குட்டிக்கு அதிர்ஷ்டம். ஆனால் ஒரு சிக்கல். அப்பா 'உச்சா போ' என்பார், பிள்ளை 'கோ பாட்டி' என்பான், பாட்டி 'போடா கண்ணா' என்பார். மூன்றும் ஒன்று என்று குட்டிக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வார்த்தை, ஃபிரிட்ஜ் கதவில் ஒரே பட்டியல் போதும். யார் சாப்பாடு போட்டது என்று டிக் அடித்துவிட்டால், இரண்டு முறை போடுவதும் நிற்கும்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே கூட்டிப் போகக் கூடாதா?

தினசரி வழக்கத்தில் பலர் விட்டுவிடும் பகுதி இது. 3 முதல் சுமார் 14 வாரம்வரை குட்டியின் மூளை புதியவற்றைப் பயமின்றி ஏற்கும் காலம். இந்த நாட்களில் பார்க்காத மனிதர்கள், கேட்காத சத்தங்கள் பிற்காலத்தில் பயமாகவும் கடியாகவும் மாறலாம். அதே நாட்களில்தான் பார்வோ வைரஸ் ஆபத்தும் அதிகம். அது மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

இரண்டையும் சமாளிக்கலாம். முதல் தடுப்பூசித் தொகுப்பு போட்டு 7 நாள் ஆனதும், சுத்தமான, கட்டுப்பாடான இடத்தில் குட்டியைப் பழக்கத் தொடங்கலாம் என்பது விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2008ஆம் ஆண்டு நிலைப்பாடு. தெரு மண்ணிலும் பூங்காவிலும் இறக்கிவிட வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு தினமும் 10 நிமிடம்: ஆட்டோ சத்தம், குக்கர் விசில், ஹெல்மெட் போட்டவர், ஸ்கூல் பிள்ளைகள்.

தடுப்பூசி பொதுவாக 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில் 16 வாரம்வரை தொடரும். ரேபிஸ் ஊசி பெரும்பாலும் 3 மாதத்தில். 'குட்டிதானே, விளையாட்டாத்தான் கடிச்சுது' என்று விட்டுவிடாதீர்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடுப்பூசிகள் முடிந்து நடைக்குப் போகும்போது காலை 7 மணிக்கு முன், மாலை வெயில் தணிந்த பின் என்று நேரம் வையுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் 5 நொடி வைக்க முடியவில்லை என்றால், குட்டியின் பாதமும் தாங்காது.

அடிச்சா பழகுமா?

பழகாது. எப்போதோ போன உச்சாவில் மூக்கைத் தேய்த்தால் எதற்குத் தண்டனை என்று குட்டிக்குப் புரியாது. 'இவங்க முன்னாடி போனா ஆபத்து' என்பது மட்டும் புரியும். அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். சரியான இடத்தில் போய் முடித்த நொடியில் ஒரு பாராட்டு, ஒரு துண்டு தீனி. 10 விநாடி தாமதித்தால்கூட எதற்குப் பரிசு என்ற தொடர்பு அறுந்துவிடும்.

எப்போ டாக்டரிடம் போகணும்?

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி உச்சா போனால் அது அடம் அல்ல, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ஒரு வேளைக்கு மேல் சாப்பிட மறுத்தால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், ரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு இருந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். பார்வோவில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இங்கும் டைம்டேபிள் உதவுகிறது. தினமும் என்ன நடக்கிறது என்று தெரிந்த வீட்டில்தான், இன்று என்ன மாறியது என்பது சட்டென்று கண்ணில் படும்.

வாங்கும் முன்...

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. வளர்க்க முடியவில்லை என்று தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இந்தத் தூக்கமில்லாத கட்டம் ரொம்ப நாள் நீடிக்காது. 4 மாத வாக்கில் பல குட்டிகள் ராத்திரி முழுக்கத் தூங்கத் தொடங்கிவிடும். 6 மாதத்தில் சாப்பாடு 2 வேளையாகக் குறையும். அதுவரை வீட்டில் ஓர் ஆள் வேண்டும். எந்த இனம், என்ன நிறம், என்ன பேர் என்று பேசுவதற்கு முன்னால், மதியம் 1 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று பேசிவிடுங்கள்.