கத்தி வைக்கும் முன் ஒரு தாள்

உலகம் முழுவதும் ஆண்டுக்கு இருபது கோடிக்கும் அதிகமான பெரிய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. அவற்றால் நோயாளிக்குக் கேடு விளையும் நேர்வுகளில் குறைந்தது பாதியைத் தவிர்த்திருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பாதியைத் தவிர்க்கப் புது மருந்தோ ரோபோவோ தேவையில்லை என்பதுதான் வியப்பு. தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா? மேசையில் இருப்பவர் சரியான ஆள்தானா? வலக்காலா, இடக்காலா? உள்ளே வைத்த பஞ்சுத் துணிகள் அத்தனையும் வெளியே வந்தனவா? மருத்துவக் கல்லூரி மாணவருக்கே தெரிந்தவை இவை. தெரிந்தும் விட்டுப்போகின்றன.

இதற்கு வழி தேடி, 2006 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் அதுல் கவாண்டேயை அணுகியது. அவர் போஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். பெற்றோர் இருவரும் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற மருத்துவர்கள். 1998 முதல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிவந்த அவருக்கு, தன் துறையின் தவறுகளை மூடிமறைக்காமல் எழுதுபவர் என்ற பெயர் இருந்தது.

விடையை அவர் விமானிகளிடம் கண்டார். 1935-இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் சோதிக்கப்பட்ட நான்கு எஞ்சின் போயிங் விமானம் ஒன்று, மேலெழுந்த சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. எந்திரத்தில் கோளாறு இல்லை. அனுபவம் மிக்க விமானி ஒரு பூட்டை விடுவிக்க மறந்திருந்தார். ராணுவ விமானிகள் அதற்காகப் பயிற்சிக் காலத்தை நீட்டவில்லை; சிறு அட்டை ஒன்றில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டார்கள். பின்னர் அதே விமானம் ‘பி-17’ என்ற பெயரில் 12,000-க்கும் மேல் தயாரானது.

கவாண்டேயின் குழு 2008-இல் வெளியிட்ட தாளில் இருந்தவை 19 வரிகள். மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று இடங்களில் நின்று அதை உரக்க வாசிக்க வேண்டும். புது தில்லி, அம்மான், மணிலா, லண்டன், டான்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தார்கள். முடிவு 2009 ஜனவரியில் வெளியானது. அறுவைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. ஒரு மருந்து இத்தனையைச் சாதித்திருந்தால் உலகம் அதைக் கொண்டாடியிருக்கும்.

தாளின் மிக விசித்திரமான வரி, அரங்கில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது. ஒரு முறை வாய் திறந்து பேசிவிட்ட செவிலியர், பிறகு ஏதேனும் தவறாகத் தெரிந்தால் “டாக்டர், ஒரு நிமிஷம்” என்று சொல்லத் தயங்குவதில்லை. அந்தத் தாள் நினைவுக்குத் துணை நிற்பதோடு, பெரியவர் சிறியவர் என்ற தயக்கத்தையும் தளர்த்துகிறது.

கவாண்டே தானும் அதற்குக் கடன்பட்டவர். அட்ரீனல் சுரப்பிக் கட்டி ஒன்றை அகற்றும்போது, இதயத்துக்குச் செல்லும் பெரிய சிரையை அவர் கிழித்துவிட்டார். நோயாளியின் இதயமே நின்றது. ஆனால் தொடங்குமுன் பட்டியலை வாசித்தபோது, கேட்டிருந்த ரத்தம் தயாராகவில்லை என்பதைச் செவிலியர் கண்டுபிடித்து வரவழைத்திருந்தார். அதனால் அந்த நோயாளி பிழைத்தார். இதை அவரே ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’ நூலில் எழுதியிருக்கிறார்.

ஆனால் தாள் மந்திரம் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 101 மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்கியது. மரணங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014-இல் ஆய்வு வந்தது. உத்தரவுக்காகப் போடும் டிக், உயிரைக் காப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார மையங்களில் கவாண்டேயின் குழுவே பிரசவத்துக்கான 28 வரிப் பட்டியலைச் சோதித்தது. பயிற்சியாளர்கள் உடனிருந்து வழிகாட்டியபோது, செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் செய்யப்பட்டது; பட்டியல் இல்லாத இடங்களில் 42 சதவீதம்தான். ஆனாலும் தாய் சேய் மரணங்கள் குறையவில்லை. வழிகாட்டல் நின்றபின் ஒழுங்கும் தளர்ந்தது. அந்த முடிவையும் 2017-இல் அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

அதன் பாடம் தெளிவு: கருவி, ஆட்கள், தொடர்ந்த மேற்பார்வை ஆகியவை இல்லாத இடத்தில் தாள் வெறும் தாள்தான். அறுவை சிகிச்சைப் பட்டியலில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்தச் சொல்லும் வரி ஒன்று உண்டு. ஏழை நாடுகளின் பல்லாயிரம் அரங்குகளில் அந்தக் கருவியே இல்லை. அதைக் கொண்டுசேர்க்க 2011-இல் ‘லைஃப்பாக்ஸ்’ அமைப்பு பிறந்தது. அதை நிறுவியவர்களில் கவாண்டேயும் ஒருவர். 2022 முதல் 2025 ஜனவரி வரை அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் நிறுவனத்தில் உலக சுகாதாரப் பிரிவுக்கும் அவர் தலைமை வகித்தார்.

எட்டு மருத்துவமனை ஆய்வின்போது ஊழியர்களிடம் கேட்டார்கள். பட்டியல் பயன்படுத்த எளிது என்றவர்கள் சுமார் 80 சதவீதம். உங்களுக்கே அறுவை சிகிச்சை என்றால் பட்டியல் வேண்டுமா என்றதும், வேண்டும் என்றவர்கள் 93 சதவீதம். ஆகவே வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், கட்டணத்தையும் அறை வசதியையும் விசாரிக்கும் கையோடு, “செக்லிஸ்ட் வாசிப்பீங்களா டாக்டர்?” என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.