வளவில் முளைத்த பெயர் தெரியாத பூடு

பூநகரிப் பக்கத்து ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் மாரி மழை விழுந்து பத்து நாள் போனால் வளவு முழுக்கப் பச்சை. குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, தூதுவளை எல்லாம் பார்த்தவுடன் பெயர் வந்துவிடும். பெயர் வராதவையும் இடையிடையே நிற்கும். அது இயல்புதான். 2008இல் சனம் விட்டுப் போய், 2009 கடைசியிலிருந்து படிப்படியாகத் திரும்பிய மண் இது. ஆளில்லாத வளவுகளைப் பற்றை மூடியது. பிறகு வீடு கட்ட மணலும் கிரவலும் வந்தன, தோட்டத்துக்கு எருவும் நாற்றும் வந்தன. ஒவ்வொன்றோடும் விதையும் வரும். தெரியாத பூட்டைப் பூக்கும்வரை விட்டுப் பார்ப்பதே பொதுவாக நல்லது, ஏனென்றால் பூவும் காயும்தான் நிச்சயமான அடையாளம். ஆனால் பூக்க விடவே கூடாத பூடு ஒன்று இருக்கிறது. அதை இலைப் பருவத்திலேயே தெரிந்துவைக்காமல் மற்றவற்றுக்குப் பொறுமை காட்ட முடியாது.

அது பாத்தீனியம். அமெரிக்கக் கண்டத்துப் பூடு. இந்தியாவில் 1955இல் புனேயில் கவனிக்கப்பட்டது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் பதிவானது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படைக்கு உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. ஒரு செடி 25,000 விதை வரை உதிர்க்கும். தொட்டவர் தோலில் அரிப்பும் கொப்புளமும், பூந்தூளால் சிலருக்கு இழுப்பும் வரும். தின்ற மாட்டின் பால் கசக்கும். இளசில் நிலத்தோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்து, கரட் இலைபோல ஆழமாக வெட்டுப்பட்ட இலையோடு கிடக்கும். செவ்வந்திக் கன்று என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. வளர்ந்தால் தண்டில் நீளவாக்கில் வரி விழும், உச்சியில் ஐந்து மூலையோடு சின்ன வெள்ளைப் பூக்கள் வரும். அதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கையில், கையுறை போட்டு வேரோடு இழுத்துவிட வேண்டும்.

ஊரில் வயதானவர்களைக் கேட்டால் தெரியாதா என்பார்கள். பழைய பூடுகளுக்கு அவர்களைவிட நல்ல ஆசான் இல்லை. அந்த அறிவு குறைந்துவருவது பெரிய இழப்பு. ஆனால் அவர்கள் இளமையில் காணாத பூட்டுக்கு அவர்களிடம் பெயர் எப்படி இருக்கும்? அப்படியானால் தெரியாததையெல்லாம் செருக்கிவிடலாம் என்பது இன்னொரு வாதம். வளவு சுத்தமாகும், மூக்கிரட்டையும் முடக்கொத்தானும் கூடவே போகும். செருக்குவதால் ஆபத்தும் தீராது. கார்த்திகைப்பூக் கொடியின் தண்டு போனாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கலப்பைபோல வளைந்த அந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. கொடி நிற்கும்போது பார்த்தவருக்குக் குழப்பமே வராது: அதன் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், வள்ளிக்கு அப்படிச் சுருளாது.

கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லுமே என்றால், சொல்லும். அது ஒரு துப்பு, தீர்ப்பல்ல. ஒற்றை இலையின் படத்தில் பாலும் மணமும் தெரியாது. ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும் பூடு கீழ்க்காய்நெல்லி ஆகாது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சிலர் கறிக்குப் பறிப்பது, அழகுக்காக வந்து வேலிக்கு வெளியே ஓடிய அமெரிக்க வெடெலியாவாக இருக்கலாம். அதன் இலை மூன்று பிரிவாகப் பிளந்திருக்கும், நம்முடையது பிளவில்லாமல் ஒடுங்கியிருக்கும். ஆகவே சந்தேகமான பூட்டை வாயில் வைக்காமல், இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையொன்றைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, எங்கே எப்போது பறித்ததென்று எழுதி, விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கலாம். அவருக்கும் பிடிபடாவிட்டால், பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரக் காட்சியகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காய்ந்த கிளையே போதும்.