சிறுமூளையின் தாளக் கணக்கு

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தை நாட்டியக்காரர்கள் சாரங்கபாணியின் பதங்களால் அறிவார்கள். ஊர்ச்சாமி வேணுகோபாலன்தான் அவற்றின் முத்திரை. பாட்டுக்காரர்களுக்கோ அது வர்ணங்கள் செய்த கோவிந்தசாமய்யாவின் ஊர். பதத்துக்குப் பாவம் முக்கியம் என்றால், வர்ணத்துக்குக் கணக்கு.

வர்ணத்தை முதல் காலத்தில் பாடிவிட்டு இரண்டாம் காலத்துக்குப் போகும்போது கை போடும் தாளம் மாறக்கூடாது, ஸ்வரம் மட்டும் இரட்டிப்பாக ஓட வேண்டும். புதுசாகப் படிக்கும் பிள்ளைக்குக் கையும் கூடவே ஓடிவிடும். "தாளத்தை விடாதே" என்று வாத்தியார் தொடையில் தட்டிக் காட்டுவார். கொஞ்ச நாளில் கை தன்னால் நிற்கும். எப்படி நின்றது என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வகைத் திருத்தத்தில் பெரும்பங்கு பின்மண்டையில் உள்ள சிறுமூளைக்கு. மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இங்கேதான். செக் அறிஞர் பர்கின்யே 1837-இல் விவரித்த பெரிய அணுக்கள் இங்கே வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய இழைகள் செய்தி கொண்டுவரும். கூடவே தடித்த இழை ஒன்றே ஒன்று சுற்றி ஏறும். 1969-இல் டேவிட் மாரும் 1971-இல் ஜேம்ஸ் ஆல்பஸும் இந்த அமைப்பையே கற்கும் இயந்திரமாகப் பார்த்தார்கள். ஏறும் இழை 'தப்பு' என்று குரல் கொடுக்கும்போது வேலையில் இருந்த மெல்லிய இணைப்புகள் வலுவிழக்கும் என்றார் ஆல்பஸ். 1982-இல் ஜப்பானின் மசாவோ இட்டோ குழு அப்படி வலுவிழப்பதைச் சோதனையிலேயே காட்டியது.

எனக்குப் பிடித்த ஆதாரம் ஒரு முயல். ஓர் ஒலி கேட்டதும் கண்ணில் காற்று ஊதினால், சில நாளில் முயல் காற்று வரும் நேரம் பார்த்து இமையை மூடிக்கொள்ளும். சிறுமூளையின் உள்ளே ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தினால் கற்றது போய்விடும், ஆனால் காற்று பட்டதும் இமைப்பது மட்டும் அப்படியே இருக்கும். மெக்கார்மிக்கும் தாம்சனும் 1984-இல் வெளியிட்ட முடிவு இது.

நடத்தையிலும் யோசனையிலும் சிறுமூளைக்குப் பங்குண்டா? உண்டு என்று ஜெரமி ஷ்மாமன் 1998-இல் சிறுமூளை நோயாளிகளை வைத்து வாதாடினார்: திட்டமிடுவதிலும் சொல் தேடுவதிலும் தடுமாற்றம், உணர்ச்சியில் மழுங்கல். எந்த அளவுக்கு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் வெறும் சமநிலைக் கருவி என்ற பழைய பாடம் தாங்காது. மூக்கைத் தொடும் விரல் நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்த மருத்துவர்களில் சிலர், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்றும் இப்போது கேட்கிறார்கள்.